எத்ருஸ்கரின் வெண்கலக் கவசங்கள்: காப்பா, அணியா?

போர்க்களத்தில் உடலைக் காப்பது கவசத்தின் தொழில். ஆயினும், பழங்காலக் கவசங்கள் சிலவற்றைக் காணும்போது, அவற்றைச் செய்த கம்மியன் காப்பைக் காட்டிலும் அழகையே மிகுதியாக எண்ணினானோ என்ற ஐயம் நமக்கு எழுகின்றது. வரிசை வரிசையாகப் புடைத்த புள்ளிகள், வட்டத்துள் வட்டங்கள், பறவைத் தலைகள், சிறகு முளைத்த விலங்குகள் என இத்தனை அலங்காரங்களையும் தாங்கி நிற்கும் வெண்கலத் தகடு, ஓர் ஈட்டியின் குத்தைத் தாங்கியிருக்குமா? தாங்காதெனில், அதனை ஒருவன் ஏன் அணிந்தான்? இறந்தபின் அதனை ஏன் அவனுடன் வைத்தார்கள்?

இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகவும் ஏற்ற சான்றுகள், பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர் என்னும் மக்களின் கல்லறைகளிலிருந்து நமக்குக் கிடைத்துள்ளன. விடை காண்பதற்குக் கவசத்தின் முகப்பை மட்டும் பார்த்தால் போதாது. தகட்டின் கனம், அதன் உட்புறம், அது கிடந்த இடம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்ருஸ்கர் யார்?

இத்தாலியின் நடுப்பகுதியில், வடக்கே ஆர்னோ ஆற்றிற்கும் தெற்கே டைபர் ஆற்றிற்கும் இடையே, மேற்கே திர்ரேனியக் கடலைத் தொட்டுக் கிடக்கும் நிலப்பரப்பு எத்ரூரியா எனப்பட்டது. இங்கு வாழ்ந்த மக்களைக் கிரேக்கர் ‘திர்ரேனோயி’ என்றும், உரோமர் ‘எத்ருஸ்கி’ அல்லது ‘துஸ்கி’ என்றும் அழைத்தனர். இன்றைய தொஸ்கானா என்ற பெயர் பின்னதன் வழிவந்ததே. தார்க்குவீனியா, வுல்சி, செர்வெத்தெரி, வெயி, வெத்துலோனியா, போப்புலோனியா, ஓர்வியெத்தோ, அரெட்சோ முதலியவை அவர்களுடைய புகழ்பெற்ற நகரங்கள். இவை ஒரே பேரரசாக இணைந்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி நகர அரசாகவே விளங்கியது.

எத்ருஸ்க மொழி இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கிரேக்கரிடமிருந்து பெற்ற எழுத்தில் அது எழுதப்பட்டமையால் அதனை வாசிக்க முடிகின்றது; ஆனால் கிடைத்துள்ளவற்றுள் பெரும்பாலானவை பெயர்களும் குறுகிய நேர்ச்சிக் குறிப்புகளுமாதலால், மொழியின் சொல்வளம் முழுவதும் விளங்கவில்லை. அவர்களே எழுதிய சரித்திர நூலும் நமக்குக் கிட்டவில்லை. ஆகவே எத்ருஸ்கரைப் பற்றி அறியவேண்டுமாயின், கிரேக்க, உரோம ஆசிரியர்களின் கூற்றுகளையும், அவற்றைவிட மேலாகக் கல்லறைப் பொருள்களையும் நாம் நாடவேண்டியுள்ளது. மார்புக் கவசம் போன்ற ஒரு பொருள் இங்குப் பெரும் மதிப்புப் பெறுவதற்குக் காரணம் இதுவே. அதனைத் தவறாகப் படித்தால், ஒரு சமுதாயத்தையே தவறாகப் படித்தவராவோம்.

மலை தந்த செல்வம்

கி. மு. 9ஆம், 8ஆம் நூற்றாண்டுகளில் இப்பகுதியில் நிலவிய தொடக்கநிலை நாகரிகத்தை வில்லனோவா நாகரிகம் என்பர். பொலோஞ்ஞா நகருக்கு அருகிலுள்ள வில்லனோவா என்னும் சிற்றூரில் 1853ஆம் ஆண்டில் ஜொவான்னி கொட்சதீனி என்பவர் தொடங்கிய அகழ்வினால் இப்பெயர் ஏற்பட்டது. அக்காலத்திலேயே இம்மக்கள் உலோகத் தொழிலில் தேர்ந்திருந்தனர். அதற்கு நிலமே துணை செய்தது. எத்ரூரியாவின் வடமேற்கில் ‘உலோகக் குன்றுகள்’ என்றே இன்றும் பெயர் வழங்கும் மலைத்தொடரில் செம்புக் கனிகள் இருந்தன. கடலில் சற்றுத் தொலைவிலுள்ள எல்பா தீவில் இரும்புக் கனி மிகுதியாகக் கிடைத்தது. வெண்கலத்திற்கு இன்றியமையாத வெள்ளீயமும் காம்பீல்யா என்னும் ஊருக்கு அருகே கிடைத்தது. செம்பும் வெள்ளீயமும் அருகருகே அமைவது உலகில் அரிது. பல பழைய நாடுகள் வெள்ளீயத்தை நெடுந்தொலைவிலிருந்து வரவழைக்க நேர்ந்தது.

உலோகத்தை நாடிக் கிரேக்கரும் பினீசியரும் இக்கடற்கரைக்கு வந்தனர். வணிகத்தினால் செல்வம் பெருகியது. செல்வம் பெற்ற குடும்பங்கள் தலைமை பெற்றன. அத்தலைமையை ஊரார் காணக் காட்டுவதற்கு வெண்கலமே சிறந்த கருவியாயிற்று. புதிதாகத் துலக்கிய வெண்கலம் பொன்னை ஒத்த நிறத்துடன் ஒளிரும். பசுங்களிம்பு படர்ந்த கவசங்களையே பொருட்காட்சிசாலைகளில் கண்டு பழகிய நாம் இதனை மறந்துவிடலாகாது. கி. மு. 8ஆம் நூற்றாண்டில் ஒரு தலைவன் கவசமணிந்து வெயிலில் நின்றபோது, அவன் பச்சையாக அன்று, பொன்னாகவே தோன்றினான்.

தகடு உருவாகும் விதம்

செம்பு உருகுவதற்கு 1,085 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். அதனுடன் பத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால், ஏறத்தாழ 1,000 பாகையிலேயே கலவை முழுவதும் உருகிவிடும்; அச்சில் வார்ப்பதும் எளிதாகும். இவ்வாறு வார்த்த தட்டையான கட்டியைப் பட்டடைக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்துத் தகடாக்கினர்.

அடிக்கும்போது வெண்கலம் மெலிவதோடு கடினமும் ஆகின்றது. ஒரு நிலைக்குமேல் அடித்தால் விளிம்பில் வெடிப்புக் காணும். அப்போது அதனை மங்கிய செந்நிறம் வருமளவும் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மை பெறும். இவ்வாறு அடிப்பதும் காய்ச்சுவதுமாகப் பலமுறை செய்தே பெரிய தகட்டை உருவாக்க முடியும். முடிவில் காய்ச்சாமல் அடித்து நிறுத்தினால், தகட்டின் கடினம் காய்ச்சிய நிலையில் இருந்ததைப்போல் இருமடங்கிற்கும் மேலாகும். அவ்வாறு அடித்த வெண்கலம் அக்காலத்துச் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. மேலும், அந்நாளைய உலையில் கிடைத்த இரும்புக் கட்டியிலிருந்து அகன்ற மெல்லிய தகடு அடிப்பது மிகவும் கடினம். வாளும் ஈட்டியும் இரும்பாக மாறிய பின்னரும், மார்புக் கவசமும் தலைக்கவசமும் நெடுங்காலம் வெண்கலமாகவே நீடித்ததற்கு இவ்விரண்டுமே முக்கிய காரணங்கள்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். ஒரு செப்புக் கம்பியை அனலில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, ஒரு மாணவனிடம் வளைக்கச் சொல்க. முதல் வளைப்பு எளிதாக இருக்கும். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால் கம்பி விறைத்துக்கொள்வதை அவன் கை உணரும். மறுபடி காய்ச்சினால் பழைய மென்மை திரும்பும். எத்ருஸ்கக் கம்மியன் தன் கையால் அறிந்திருந்த உண்மை இதுவே. இன்று உலோகத் துணுக்கைத் தேய்த்து மெருகிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பார்க்கும் விஞ்ஞானிகள், மணிகளின் உருவத்தைக் கொண்டே, அத்தகடு கடைசியாகக் காய்ச்சப்பட்டதா, அடிக்கப்பட்டதா என்று கூறிவிடுகின்றனர்.

அலங்காரம் பெரும்பாலும் புடைப்பு வேலையாகவே செய்யப்பட்டது. தகட்டை அரக்கு, கீல் போன்று இளகிக் கொடுக்கும் ஒரு படுக்கையின்மேல் கவிழ்த்து, மழுங்கிய முனையுள்ள உளியைப் பின்புறத்தில் வைத்துத் தட்டினால், முன்புறத்தில் குமிழ் எழும். பிறகு முன்புறத்தைத் திருப்பி, கூரிய முனையால் கோடுகளைத் திருத்துவர். தகடுகளை ஒன்றோடொன்று இணைக்கத் தறையாணிகளைப் பயன்படுத்தினர். அவ்வாணிகளின் கொண்டைகளும் அலங்காரத்தின் பகுதியாக அமைந்தன.

முற்காலக் கவசங்கள்

வில்லனோவா மக்கள் தொடக்கத்தில் இறந்தோரை எரித்துச் சாம்பலைத் தாழியில் இட்டுப் புதைத்தனர். ஆடவரின் தாழிகள் சிலவற்றிற்கு மூடியாக ஒரு தலைக்கவசத்தையே கவிழ்த்து வைத்தனர். இரு வெண்கலத் தகடுகளை ஓங்கிய கொண்டை வடிவில் சேர்த்துச் செய்த அத்தலைக்கவசங்கள், தார்க்குவீனியாவில் சிறப்பாகக் கிடைத்துள்ளன. வெண்கலத்திற்கு வகையற்றவர்கள் அதே வடிவை மண்ணால் செய்து மூடினர். இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. மண்ணால் செய்த தலைக்கவசம் எந்த அடியையும் தாங்காது. ஆயினும் அதுவே போதுமென்று கருதினர். ஆகவே, அவர்களுக்குத் தலைக்கவசம் என்பது ஒரு கருவி மட்டுமன்று. ‘இவன் ஆயுதம் ஏந்தத் தகுதி பெற்றவன்’ என்று கூறும் அடையாளமுமாகும்.

கி. மு. 8ஆம் நூற்றாண்டில் மார்புக் கவசங்களும் கல்லறைகளில் தோன்றுகின்றன. அவை இருவகைப்பட்டவை. ஒன்று, இதயப் பகுதியை மட்டும் மூடும் சிறு தகடு. சதுரமாகவோ வட்டமாகவோ அமைந்து, தோலிலோ தடித்த துணியிலோ தைத்து, வாரினால் மார்பில் கட்டப்பட்டது. மற்றொன்று, தலை நுழையும் இடைவெளியுடன் மார்பிலும் முதுகிலும் தொங்குமாறு அமைந்த நீண்ட தகடு. எத்ருஸ்கரை அடுத்து வாழ்ந்த பலிஸ்கர் நாட்டில், நார்ச்சே என்னும் இடத்துக் கல்லறையில் கிடைத்த இவ்வகைக் கவசம் ஒன்று, இன்று அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பொருட்காட்சிசாலையில் உள்ளது. தார்க்குவீனியாவில் 1869ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ‘வீரன் கல்லறை’யின் பொருள்கள் பெர்லின் நகருக்குச் சென்றன. புடைப்பு வேலை செய்த மார்புத் தகடும் கேடயமும் படைக்கலங்களும், அவற்றோடு வெண்கலக் கலங்களும் மட்பாண்டங்களும் அக்கல்லறையில் குவிந்திருந்தன.

இக்காலத்து அலங்காரம் பெரும்பாலும் கணித வடிவங்களே: புள்ளி வரிசை, குமிழ், ஒருமைய வட்டம், முக்கோணம். சில பொருள்களில் பறவைத் தலைகள் இருமுனையிலும் அமைந்த படகும், அதன் நடுவே கதிரவனைக் குறிக்கும் வட்டமும் காணப்படும். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கேயும் வழங்கிய பழைய ஐரோப்பியச் சின்னம் இது. கி. மு. 7ஆம் நூற்றாண்டில் கிழக்கு நாடுகளின் தொடர்பு வலுத்தபோது சிங்கம், சிறகுள்ள யாளி போன்ற விலங்கு, பூவிதழ், பனையோலை வடிவம் ஆகியவை வெண்கலத் தகடுகளில் இடம்பெற்றன.

காப்பா, அணியா?

இனி நம் வினாவிற்கு வருவோம். முதலில் ஒரு சிறு கணக்கு. ஒருவனின் மார்பையும் முதுகையும் மூட அரைச் சதுர மீட்டர் தகடு தேவை என்று கொள்வோம். அது 5,000 சதுர சென்டிமீட்டர் ஆகும். தகட்டின் கனம் 1 மில்லிமீட்டராயின் வெண்கலத்தின் கொள்ளளவு 500 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் வெண்கலம் ஏறத்தாழ 8.8 கிராம் எடையுள்ளது. ஆகவே கவசத்தின் எடை 4.4 கிலோகிராம். கனம் 3 மில்லிமீட்டராயின் எடை 13 கிலோகிராமைத் தாண்டும். அரை மில்லிமீட்டராயின் 2.2 கிலோகிராமே ஆகும். கனத்தைக் கூட்டினால் வீரன் ஓடமாட்டான்; குறைத்தால் ஈட்டி நிற்காது. கவசம் செய்பவன் எந்நாளும் இவ்விரண்டிற்கும் இடையே வழி தேடவேண்டியவன்.

மெல்லிய தகட்டின் திறனைச் சோதித்தும் பார்த்துள்ளனர். ஐரோப்பிய வெண்கலக் காலக் கேடயங்களை ஆராய்ந்த ஜான் கோல்ஸ் என்னும் தொல்பொருளறிஞர், மிக மெல்லிய உலோகத் தகட்டால் ஒரு கேடயமும், பதப்படுத்திய தோலால் ஒரு கேடயமும் செய்து, வெண்கல வாளால் தாக்கி, அதன் முடிவை 1962ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலோகக் கேடயம் ஒரே வெட்டில் பிளந்தது. தோல் கேடயமோ பல வெட்டுகளைத் தாங்கியது. இதன் பயனாக, அலங்காரக் கேடயங்கள் யாவும் விழாக்களுக்கே உரியவை என்ற அபிப்பிராயம் பரவிற்று. ஆனால் பின்னர் நடந்த சோதனைகளில், கனம் சற்று மிகுந்த, நன்கு அடித்து இறுக்கிய வெண்கலக் கேடயங்கள் அடியைத் தாங்குவது தெரியவந்தது. எனவே பொதுவாக ஒரு முடிவு கூறுதல் தகாது. ஒவ்வொரு பொருளையும் அளந்து பார்த்தே சொல்லவேண்டும்.

அளந்து பார்த்தால் சில பொருள்களைப் பற்றி ஐயமே இல்லை. செர்வெத்தெரியில் 1836ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ரெகொலீனி-கலாசி கல்லறை கி. மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் கிடைத்த வெண்கலக் கேடயங்கள் முழுதும் புடைப்பு அலங்காரம் நிறைந்த மெல்லிய தகடுகள், போருக்கு உதவாதவை. அதே கல்லறையின் உள்ளறையில், விலங்குருவங்களை வரிசை வரிசையாகப் பதித்த பெரிய பொன் மார்புத் தகடு ஒன்றும் கிடைத்தது. அதனை அணிந்தவர் ஒரு பெண்மணி என்பதே பலர் கருத்து. மார்பை மூடும் தகடு இங்குப் பகையை நோக்கியதன்று. உயர் குலத்தின் சின்னமாகவே மாறிவிட்டது. இவையனைத்தும் இப்போது வாத்திக்கன் பொருட்காட்சிசாலையில் உள்ளன.

ஆனால் இத்துடன் நின்றுவிட்டால் பாதி உண்மையையே கண்டவராவோம். அலங்காரம் என்பது வலிமைக்குப் பகையன்று. ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் அது துவண்டு விழும். அதனையே விசிறிபோல் மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். தகரக் கூரைக்கு வரிவரியாக மடிப்பிடுவதும் இதனாலேயே. மெல்லிய வெண்கலத் தகட்டில் எழுப்பிய வரம்பும் குமிழும் அதே வேலையைச் செய்கின்றன. தகடு எளிதில் வளையாமல் விறைத்து நிற்கின்றது. புடைப்பு வேலையின்போது விழும் ஒவ்வோர் அடியும் உலோகத்தைக் கடினமாக்கவும் செய்கின்றது. மறுபக்கம், குமிழ் உயர உயர அவ்விடத்தில் தகடு மெலிவதும் உண்மையே. ஆகவே அழகிற்காக இட்ட புள்ளி எங்கே உதவியது, எங்கே கெடுத்தது என்பதைக் கண்டறிய வேண்டும். அடித்த கை ஒன்றே. அது காப்பையும் அணியையும் பிரித்து எண்ணவில்லை.

கிரேக்கப் போர்முறையும் உடல்வடிவக் கவசமும்

கி. மு. 7ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் எத்ருஸ்க நகரங்கள் கிரேக்கரின் போர்க்கருவிகளை ஏற்றுக்கொண்டன. வட்டமான பெரிய கேடயம், முகத்தை மூடும் தலைக்கவசம், கணைக்காற் கவசம், மார்புக் கவசம் என்பவை ஒரு தொகுதியாக வழங்கின. வுல்சி நகரில் கண்ட மற்றொரு ‘வீரன் கல்லறை’யில் கி. மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த இத்தகைய தொகுதி கிடைத்தது.

இதன்பின் கவசக் கலையில் ஒரு வியத்தகு மாறுதல் நேர்ந்தது. புள்ளியும் விலங்கும் மறைந்து, மனித உடலே அலங்காரமாயிற்று. மார்பின் தசைகள், விலா எலும்பின் வளைவு, கொப்பூழ் ஆகியவற்றை வெண்கலத்தில் அப்படியே வடித்தனர். முன் தகடு, பின் தகடு என இரண்டாகச் செய்து, தோளிலும் பக்கத்திலும் பூட்டினர். ஓர்வியெத்தோ அருகிலுள்ள செத்தெகமீனிக் கல்லறையில் கிடைத்த கி. மு. 4ஆம் நூற்றாண்டுத் தொகுதி இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. உரோமுக்குத் தெற்கே, இலத்தீனர் ஊராகிய லனூவியோவில் 1934ஆம் ஆண்டில் கண்ட கல்லறை இன்னும் பழைமையானது, கி. மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அங்கு உடல்வடிவக் கவசத்துடன், விளையாட்டில் எறியும் வட்டும் வைக்கப்பட்டிருந்தது. போரும் உடற்பயிற்சியும் ஒரே பெருமையின் இரு பக்கங்களாக எண்ணப்பட்டன என்பதை இது காட்டுகின்றது.

இக்கவசங்களில் தசையின் வளைவுகள் அழகிற்கு மட்டும் அமைந்தவையல்ல. மேடும் பள்ளமுமாக வளைந்த தகடு விறைப்பானது. வழுவழுப்பான வளைவின்மேல் பட்ட ஈட்டிமுனை சறுக்கவும் கூடும். ஆனால் விலை எல்லோர்க்கும் எட்டுவதன்று. உரோமரின் பழைய படைப்பிரிவைப் பற்றி எழுதும் லீவி என்னும் ஆசிரியர், மிகுந்த செல்வமுடைய முதல் வகுப்பாரே தலைக்கவசம், வட்டக் கேடயம், கணைக்காற் கவசம், மார்புக் கவசம் ஆகிய நான்கையும் வெண்கலத்தில் பெற்றிருந்தனர் என்றும், இரண்டாம் வகுப்பார்க்கு மார்புக் கவசம் இல்லை என்றும் குறிப்பிடுகின்றார். கி. மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய பொலிபியஸ், சாதாரண உரோமப் போர்வீரர் ஒரு சாண் சதுரமுள்ள வெண்கலத் தகட்டை மார்பில் அணிந்தனர், அதனை ‘இதயக் காப்பு’ என்றனர், செல்வர்கள் மட்டும் சங்கிலிக் கவசம் அணிந்தனர் என்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தலைவர்களின் மார்பில் மின்னிய சிறு தகடு, காலம் செல்லச் செல்ல ஏழை வீரனின் காப்பாகிவிட்டது!

அழிந்துபோன கவசங்கள்

கல்லறையில் கிடைப்பது வெண்கலம். எனவே எத்ருஸ்கர் அனைவரும் வெண்கலமே அணிந்தனர் என்று முடிவு செய்தல் பெரும் பிழை. மண்ணில் நிலைத்து நிற்பது உலோகம். தோலும் துணியும் மக்கிவிடும்.

லீவி கூறும் ஒரு செய்தி இங்கு நினைவுகூரத் தக்கது. கி. மு. 437 என மரபாகக் கூறப்படும் ஆண்டில், வெயி நகரத்து எத்ருஸ்க அரசன் லார்ஸ் தொலும்னியஸ் என்பவனை உரோம வீரன் கொர்னீலியஸ் கோசஸ் தனிப்போரில் கொன்று, அவனுடைய கவசத்தைக் கோயிலில் காணிக்கையாக்கினான். பல நூற்றாண்டுகள் சென்றபின் பேரரசர் அகஸ்தஸ் அக்கோயிலைப் புதுப்பிக்கும்போது அக்கவசத்தில் எழுதியிருந்ததைத் தாமே படித்ததாகக் கூறினார். அந்தக் கவசம் எதனாற் செய்யப்பட்டது? ஆளி நாரில் நெய்த துணியால்! ஓர் அரசனே களத்தில் துணிக்கவசம் அணிந்திருந்தான் என்றால், வெண்கலம் ஒன்றையே வைத்து நாம் எழுதும் சரித்திரம் எவ்வளவு குறையுடையது என்பது விளங்கும்.

சிற்பங்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. தோதி என்னும் ஊரில் 1835ஆம் ஆண்டில் கற்பலகைகளுக்கிடையே புதையுண்டு கிடந்த ‘தோதியின் மார்ஸ்’ என்னும் வெண்கலச் சிலை, 1.41 மீட்டர் உயரமுள்ளது, கி. மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அவ்வீரன் அணிந்திருப்பது உடல்வடிவக் கவசம் அன்று. சிறு சிறு செவ்வகத் தகடுகளை வரிசையாகக் கோத்த கவசம். அதன் கீழ்த் தொங்கலில், இன்னார் இதனைக் காணிக்கையாக அளித்தார் என்று உம்பிரிய மொழியில், எத்ருஸ்க எழுத்தில் பொறித்துள்ளனர். இத்தகைய கவசம் மண்ணில் கிடந்தால், கட்டிய நூல் மக்கியபின் சிதறிய தகடுகளே மிஞ்சும். அவை கவசம் என்பதை, கிடந்த வரிசையைக் குறித்துக்கொண்டவனன்றி வேறு எவரும் அறியமாட்டார்.

களத்திலிருந்து கோயிலுக்கு

தோற்றவரின் கவசம் வென்றவரின் சொல்லாக மாறுவதும் உண்டு. கி. மு. 474ஆம் ஆண்டில் கூமே நகருக்கருகே நடந்த கடற்போரில் சிராகூசின் ஆட்சியாளன் ஹியெரோன் எத்ருஸ்கரை முறியடித்தான். கைப்பற்றிய எத்ருஸ்கத் தலைக்கவசம் ஒன்றில், கூமேயில் திர்ரேனியரிடம் பெற்ற இதனை ஸீயஸ் கடவுளுக்குப் படைத்ததாக எழுதி ஒலிம்பியாவில் வைத்தான். 1817இல் கிடைத்த அது இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றது. வெத்துலோனியாவில் 1905ஆம் ஆண்டில் இசிதோரோ பல்கி என்னும் ஆராய்ச்சியாளர், பழைய மதிற்சுவரின் அருகே நூற்றுக்கும் மேற்பட்ட வெண்கலத் தலைக்கவசங்களை ஒருங்கே கண்டெடுத்தார். அவை வேண்டுமென்றே நசுக்கப்பட்டிருந்தன. பலவற்றில் ‘ஹஸ்ப்னாஸ்’ என்ற குடும்பப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அலங்காரம் ஏதுமற்ற இவை, ஒரு பெருங்குடி தன் சொந்தப் படைக்கு மொத்தமாகச் செய்வித்தவை எனத் தோன்றுகின்றது. அந்த ஒரு சொல் இல்லையேல், எத்ருஸ்கப் படை அமைப்பைப் பற்றிய இவ்வுண்மை நமக்கு என்றும் தெரிந்திராது.

எத்ருஸ்கரின் அரசியல் உரிமை அழிந்தபின்னும் அவர்களுடைய தொழில் அழியவில்லை. கி. மு. 205ஆம் ஆண்டில் சிப்பியோவின் ஆப்பிரிக்கப் படையெடுப்பிற்காக அரெட்சோ நகரம் 3,000 கேடயங்களும் அதே அளவு தலைக்கவசங்களும் அளிக்க முன்வந்தது என்று லீவி குறிப்பிடுகின்றார். ஒரு தலைவனுக்காக ஒரு கம்மியன் மாதக்கணக்கில் புடைத்தெடுத்த கவசத்தின் காலம் முடிந்து, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியாக ஆக்கும் காலம் வந்துவிட்டது.

மண்ணிற் கிடக்கும் வெண்கலம்: களப்பணியாளர் கவனத்திற்கு

மேலே கூறிய முடிவுகள் யாவும் சிறு சிறு தடயங்களின்மேல் நிற்பவை. அத்தடயங்கள் கவசத்தின் அழகிய முகப்பில் மட்டும் இல்லை. பெரும்பாலும் பின்புறத்துக் களிம்பிலேயே இருக்கின்றன. செம்பின் உப்புகள் நுண்ணுயிர்களைக் கொல்லும் தன்மையுடையவை. அதனால் வெண்கலத்தை ஒட்டியிருந்த துணியும் தோலும் மக்காமல், களிம்போடு களிம்பாக இறுகி, நெசவின் இழைகள்கூட எண்ணத்தக்க நிலையில் நிலைத்துவிடுவதுண்டு. அணிந்திருந்த கவசமா, துணியில் சுற்றி வைத்த காணிக்கையா என்பதை அந்த இழைகளே கூறும். முற்காலத்தில் பொருளைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தால் அமிலமிட்டுக் கழுவியவர்கள் இச்சான்றுகளை அறியாமலே அழித்தனர். இன்று எக்ஸ்-கதிர்ப் படத்தின் மூலம் களிம்பை அகற்றாமலே அதன் கீழுள்ள எழுத்தையும் வெடிப்பையும் தறையாணியையும் காண முடிகின்றது. ஆகையால் பொறுமையே இலாபம்.

எந்நாட்டு மண்ணில் கிடைத்தாலும் பழைய வெண்கலத்திற்குப் பொருந்தும் சில நெறிகள் உண்டு. தகட்டைப் பிடித்து இழுக்கலாகாது. சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்தே எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே இருந்தது, எப்பொருள் அருகே கிடந்தது என்பதை எடுப்பதற்கு முன்னரே படமெடுத்தும் வரைந்தும் குறித்துக்கொள்ள வேண்டும். நீரில் கழுவுதல், தேய்த்தல், புளியிட்டுத் துலக்குதல் ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும்.

வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகப் பூத்தால், அது ‘வெண்கல நோய்’ எனப்படுவதன் அறிகுறி. மண்ணிலுள்ள உப்பிலிருந்து வந்த குளோரைடு செம்போடு கூடித் தகட்டினுள் தங்கியிருக்கும். காற்றின் ஈரமும் பிராணவாயுவும் பட்டவுடன் அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுவிக்கும். அவ்வமிலம் புதிய செம்பைத் தின்னும். மீண்டும் குளோரைடு உண்டாகும். இச்சுழற்சி நில்லாது தொடர்ந்து, ஈராயிரம் ஆண்டு மண்ணில் தாங்கிய தகட்டைச் சில மாதங்களிலேயே பொடியாக்கிவிடக் கூடும். ஆகவே பொருளை உலர்ந்த பெட்டியில், ஈரப்பதம் 40 சதவிகிதத்திற்கு மேற்படாமல் வைத்து, தேர்ந்த இரசாயன வல்லுநருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

இரசாயனத்தால் வரும் கேட்டைவிடப் பெரிய கேடு திருட்டு அகழ்வினால் வருவது. இத்தாலி அரசு 1909ஆம் ஆண்டிலேயே நிலத்தடித் தொல்பொருள்கள் அரசுக்குரியவை எனச் சட்டம் செய்தது. சட்டவிரோதமான தொல்பொருள் வாணிகத்தைத் தடுக்க 1970ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்பட்டது. ஆயினும் எத்ருஸ்கக் கல்லறைகளில் இரவுத் திருடர் கைவைத்தவை எண்ணற்றவை. அவ்வாறு விற்பனைக்கு வந்த ஒரு மார்புத் தகடு அழகாக இருக்கலாம், விலையும் உயரலாம். ஆனால் அது சாம்பல் தாழியின்மேல் இருந்ததா, எலும்புக்கூட்டின் மார்பில் இருந்ததா, சுவரில் தொங்கியதா என்று கேட்டால், அது வாய்திறவாது. காப்பா, அணியா என்ற வினாவிற்கு அதனிடமிருந்து எக்காலத்தும் விடை கிடைக்காது.

முடிவுரை

எத்ருஸ்கரின் வெண்கலக் கவசம் தொடக்கத்தில் தகுதியின் சின்னமாகவும், பிறகு செல்வத்தின் விளம்பரமாகவும், பின்னர் போர்க்களத்துக் காப்பாகவும், முடிவில் மொத்தமாக ஆக்கப்படும் கருவியாகவும் விளங்கியது. ஒரு நிலை மறைந்த பின்னரே மறுநிலை தோன்றியது என்று கொள்ளவேண்டா. பல காலங்களில் இவை கலந்தே இருந்தன. எந்தக் கவசம் எந்நிலைக்குரியது என்பதை அதன் புள்ளி அலங்காரம் சொல்லாது. அதன் கனத்தை அளந்த கருவியும், பின்புறத்து இழையை எண்ணிய கண்ணும், கிடந்த இடத்தை வரைந்த கையுமே சொல்லும்.

பள்ளியில் சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியரும், நிலத்தில் நின்று பணிபுரியும் ஊழியரும் இந்த ஒரு பாடத்தை மனத்திற்கொள்வாராயின், பழம்பொருள் ஒன்றைக் காணும்போது ‘இது என்ன விலை பெறும்?’ என்ற கேள்வி பின்சென்று, ‘இது எங்கே, எப்படிக் கிடந்தது?’ என்ற கேள்வி முன்வந்து நிற்கும்.